கோபம் தணிய ஓர் இடம்

ரெயிலேறி ஓடிவந்த பிள்ளைகள் மறுவாழ்வு பெறும் கதை

ஒரு பழத்துக்காகப் பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு, கட்டிய கோவணத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளையின் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை போய் நின்ற மலை பழனி. அவனுக்கே உரிய இன்னொரு மலையும் உண்டு. சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து அவன் அமர்ந்த இடம் என்பதால் அதற்குத் தணிகை என்று பெயர் வந்ததாகப் பெரியோர் சொல்வார்கள். அதுதான் 365 படிகள் கொண்ட திருத்தணி மலை.

அந்த மலைக்குத் தெற்கே ஏறக்குறைய 13 கிலோ மீட்டரில் இருக்கிறது அரக்கோணம் ஜங்ஷன். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மயில் வாகனம் இல்லை. ரெயில்தான் வாகனம். ரெயில் அவர்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போய் விடும். ஆனால் கோபம் தணிய ஓர் இடம் வேண்டுமே! அந்த இடத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நாலு திசைக்கும் ஒரு வாசல்

தென்னிந்தியாவின் முதல் ரெயில் பாதை 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் திறக்கப்பட்டது. அரக்கோணம் அந்தப் பாதையில் இருக்கிறது. பின்னால் இங்கிருந்து வடமேற்கே ரேணிகுண்டா, கடப்பை வழியாக ரெய்ச்சூருக்குப் பாதை போட்டார்கள். 1871-ல் அது பம்பாயிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்தது. மேற்கே ஜோலார்பேட்டை, பெங்களூர். தெற்கே காஞ்சிபுரம், செங்கற்பட்டு. கிழக்கே 69 கிலோ மீட்டரில் சென்னை. ஆக, நாலு திசைக்கும் வழி உள்ள ஊர் இது.

இந்த வசதிதான் ஊரை வளர்த்தது. ரெயில்வே தொழிற்சாலை, மின்சார எஞ்சின் கொட்டகை, ரெயில்வே குடியிருப்பு என்று ஊரே தண்டவாளத்தைச் சுற்றி எழுந்தது. ஆனால் அதே வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. எந்தத் திசையில் போவது என்று தெரியாத ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் இந்த ஸ்டேஷன் நாலு வழிகளைக் காட்டுகிறது. டிக்கெட் இல்லாமல் ஏறியவன் பரிசோதகரைக் கண்டதும் இங்கே இறங்கிவிடுவான். பசி தாங்காமல் இறங்குகிறவனும் உண்டு. சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் இங்கிருந்து புறப்படுகிறதென்று தெரிந்து, வண்டி மாற இறங்குகிறவனும் உண்டு. ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணிக்குப் போகும் காவடிக் கூட்டத்தில், பெற்றோரின் கையை விட்டுத் தொலைந்து போகும் குழந்தைகள் வேறு.

இப்படி ரெயிலோடு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? நாடு முழுவதற்கும் ரெயில்வே பாதுகாப்புப் படை ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. 2018-ம் ஆண்டிலிருந்து 2024 மே மாதம் வரையில் ஸ்டேஷன்களிலும் ரெயில்களிலும் அந்தப் படையினர் மீட்ட குழந்தைகள் 84,119 பேர். 2018-ல் மட்டும் 17,112 பேர். அவர்களில் 13,187 பேர் தாமே வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். யாரும் கடத்திக்கொண்டு வரவில்லை. திருவிழாவில் தொலையவும் இல்லை. தங்கள் காலால் நடந்து, தாங்களே வண்டி ஏறியவர்கள். கொள்ளை நோய்க்காக ரெயில்கள் நிறுத்தப்பட்ட 2020-ல் இந்த எண்ணிக்கை 5,011 ஆகக் குறைந்தது. அதனால் அந்த வருஷம் வீடுகளில் சண்டையே இல்லை என்று ஆகிவிடுமா? வண்டி இல்லை, அவ்வளவுதான்.

ஏன் ஓடுகிறார்கள்?

சினிமாவில் சேர ஓடினான், ஊர் சுற்ற ஓடினான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பன், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தகப்பன், பரீட்சையில் தோற்றுவிட்ட பயம், வாத்தியாரின் பிரம்பு, கடனுக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்பட்ட இடத்தில் பட்ட கொடுமை, வீட்டுக்குள்ளேயே நடந்த, வெளியில் சொல்ல முடியாத அக்கிரமம். சில வீடுகளில் இது ஒன்றுமே இல்லை. பட்டினி ஒன்றே போதும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பையன்கள் நெடுநாள் யோசித்துத் திட்டம் போட்டுக் கிளம்புவதில்லை. ஒரு மாலை நேரத்துக் கோபம். கையில் அகப்பட்ட பத்து இருபது ரூபாய். தெரு முனையில் ஸ்டேஷன். ராத்திரி வந்ததும் கோபம் போய்விடுகிறது, பயம் வந்துவிடுகிறது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தால், போனால் இன்னும் அடி விழுமே என்ற அச்சம் தடுக்கிறது. அந்த ஓர் இரவில் அவனை யார் முதலில் சந்திக்கிறார் என்பதில்தான் அவன் தலைவிதி அடங்கியிருக்கிறது.

நல்லவர் சந்தித்தால் அவன் பிழைத்தான். இல்லாவிட்டால் சாப்பாடு வாங்கிக் கொடுத்து வேலைக்கு இழுத்துப் போகும் ஆள் சந்திப்பான். அல்லது அவனுக்கு முன்பே வந்து பிளாட்பாரத்திலேயே தங்கிவிட்ட பெரிய பையன்கள் சந்திப்பார்கள். காலித் தண்ணீர் பாட்டில் பொறுக்குவது எப்படி, போலீஸ்காரர் வந்தால் எங்கே ஒளிவது, பசி தெரியாமல் இருக்கத் துணியில் எதை நனைத்து முகருவது என்று அவர்கள் பாடம் நடத்துவார்கள். அந்தப் பாடம் சில வாரங்களில் படிந்துவிடும். அதை மறக்கடிக்க வருஷங்கள் ஆகும். பெண் குழந்தையாக இருந்தால் அபாயம் வாரக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் என்று சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டியா, தம்பி?"

இந்த வேலையில் அனுபவப்பட்டவர்கள் பையனைக் கண்டதும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"சாப்பிட்டியா, தம்பி?"

பையன் தலையை ஆட்டுவான். அது ஆமாம் என்றும் இருக்கும். இல்லை என்றும் இருக்கும். இட்லிப் பொட்டலம் வரும். தின்று முடித்த பிறகு, "எந்தப் பக்கம் போற?" என்று மெள்ளப் பேச்சு ஆரம்பமாகும். முதலில் சொல்லும் பேர் பெரும்பாலும் பொய்ப் பேராக இருக்கும். அப்பா அம்மா செத்துப் போய்விட்டார்கள் என்பான். அதைப் பொய் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

"உங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல கோயில் இருக்கா? ஊருக்கு எந்த பஸ் வரும்? ஏரி நிரம்பினா தண்ணி எங்கே போகும்?"

இந்தக் கேள்விகளுக்குப் பையன் உற்சாகமாகப் பதில் சொல்வான். பஸ்ஸின் பேரையும் ஏரியின் பேரையும் சொல்லும்போது ஊர் தானே வெளிப்பட்டுவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரியில், "நைனா அடிச்சாருண்ணா" என்று விம்மி அழுவான். அப்போதுதான் உண்மைக் கதை தொடங்கும்.

அரக்கோணம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. திருத்தணி தாலுக்கா 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு அங்கே விழுந்தாலும், பேச்சு வழக்குக்கு எல்லைக்கோடு கிடையாது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தொலைதூர ரெயிலில் வரும் பிள்ளை ஹிந்தியோ, ஒடியாவோ, வங்காளியோ பேசும். அவன் பாஷையில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஆகவே இந்த ஜங்ஷனில் பல பாஷை அறிந்த போர்ட்டரும் டீக்கடைக்காரரும்கூட ஒரு குழந்தையின் வாழ்வைத் திருப்பிவிட முடியும்.

இருபத்து நாலு மணி நேரம்

பிளாட்பாரத்தில் ஒரு குழந்தை தனியாக நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இன்று சட்டத்தில் வழி இருக்கிறது. இதற்கு வேர் நம் மாகாணத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் செய்தது சென்னை மாகாணம்தான். அது 1920-ம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் அதைப் பின்பற்றின. அந்தக் காலத்துப் பார்வையில் தெருவில் திரியும் பிள்ளை ஏறக்குறைய ஒரு குற்றவாளி. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவன். அரக்கோணத்திலிருந்து ரெயில் போகும் செங்கற்பட்டில் அத்தகைய பள்ளி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டுவிட்டது.

இன்றைய சட்டம் 2015-ல் இயற்றப்பட்டது. இது குற்றம் செய்த பிள்ளையையும், கவனிப்பாரற்ற பிள்ளையையும் வேறு வேறாகப் பார்க்கிறது. வீட்டை விட்டு ஓடி வந்தது குற்றமில்லை. அப்படிப்பட்ட குழந்தையைக் கண்டவர்கள், பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுகளுக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. சமூக ஊழியர் பதினைந்து நாளில் பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். பிள்ளை வேறு மாநிலத்தவனாக இருந்தால், அவன் சொந்த மாவட்டத்துக் குழுவிடம் அவனைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும்.

ரெயிலில் வரும் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே 2015-ல் ரெயில்வே இலாகா தனி விதிமுறைகள் வகுத்தது. டெல்லி ஹைகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கின் விளைவு அது. பெரிய ஸ்டேஷன்களில் குழந்தைகளுக்கான உதவி மேஜைகள் வந்தன. 1996-ல் பம்பாயில் தொடங்கிய 1098 என்ற டெலிபோன் எண், காசு இல்லாமல் எந்த நேரமும் கூப்பிடக்கூடியது, நாடெங்கும் பரவியது. 2023 முதல் அதை அரசாங்கங்களே நடத்துகின்றன. இந்த நான்கு இலக்கங்களை ரெயில் பிரயாணம் செய்கிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

கூரையும் ஒரு பெட்டியும்

சரி, குழுவின் உத்தரவோடு பிள்ளை காப்பகத்துக்கு வந்துவிட்டான். அங்கே என்ன நடக்கிறது?

முதல் சில நாட்கள் ஒன்றும் நடப்பதில்லை என்றே சொல்லலாம். அதுதான் வைத்தியம். குளியல், மாற்றுத் துணி, சூடான சோறு, பயமில்லாத தூக்கம். டாக்டர் வந்து சிரங்கையும் இருமலையும் பார்க்கிறார். புதிதாக வந்தவன் ராத்திரி அலறி எழுந்திருப்பான். சிலர் தட்டில் மிஞ்சிய சோற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். நாளைக்கும் சோறு கிடைக்கும் என்பதை நம்பவே ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும்.

பிறகு அவனுக்கென்று ஒரு தகரப் பெட்டி. அதற்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. பார்ப்பதற்கு அற்பமான விஷயம். ஆனால் பிளாட்பாரத்தில் எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. கண்ணயர்ந்தால் செருப்புகூடப் போய்விடும். சம்பாதித்ததை அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். ஆகவே நாளை என்ற ஒன்றே அங்கே கிடையாது. சாவி கைக்கு வந்த பிறகுதான் சேமிப்பு என்ற எண்ணம் வருகிறது. சேமிப்பு வந்த பின் எதிர்காலம் வருகிறது.

படிப்பு அடுத்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற பதினான்கு வயதுப் பையனைச் சின்னக் குழந்தைகளோடு உட்கார வைத்தால், மறுநாளே ஓடிவிடுவான். அதற்காகத்தான் இணைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. விட்ட பாடத்தைச் சுருக்கமாகக் கற்பித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். படிப்பு ஏறாதவனுக்குத் தொழில். எலெக்ட்ரிக் வேலை, வெல்டிங், தையல், சமையல், மோட்டார் ரிப்பேர் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால், தலை தானே நிமிரும்.

இவற்றை எல்லாம்விடக் கடினமான ஒரு வேலை உண்டு. காகித வேலை! பிறந்த தேதி தெரியாது, தகப்பன் பேர் சரியாகத் தெரியாது, ஜாதிச் சான்று இல்லை, ரேஷன் கார்டில் பேர் இல்லை. இவை இல்லாவிட்டால் ஆதார் அட்டை வாங்குவது பெரும் பாடு. ஆதார் இல்லாவிட்டால் பாங்குக் கணக்கு, பரீட்சை, வேலை எல்லாமே இழுபறிதான். ஊரில் அவன் பிறந்து வளர்ந்ததற்குச் சாட்சி ஒரு வீடும், ஒரு தெருவும். அவற்றை விட்டு வந்தவன் தான் யார் என்பதற்கே அத்தாட்சி தேட வேண்டியிருக்கிறது. நல்ல காப்பகங்களில் ஊழியர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது இதற்காகத்தான்.

வீடு திரும்புதல்

காப்பகத்தின் முதல் நோக்கம் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்வதல்ல. முடிந்தால் பெற்றவர்களிடம் சேர்ப்பதுதான். பல பிள்ளைகள் சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். தேடித் தேடிக் களைத்த தாய் ஓடி வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழும் காட்சியைக் கண்டவர்கள், இந்த வேலையை விட்டுப் போக மாட்டார்கள்.

ஆனால் கட்டிக்கொண்டு அழுவதோடு கதை முடிந்துவிடுவதில்லை. எந்தக் காரணத்துக்காக ஓடினானோ அந்தக் காரணம் வீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தால், மறுபடியும் ரெயில்தான். இரண்டு முறை, மூன்று முறை ஓடி வந்த பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் பிள்ளையைத் திருத்துவதற்கு முன் தகப்பனோடு பேச வேண்டியிருக்கிறது. அவன் குடியை நிறுத்த வழி பார்க்க வேண்டும். தாய்க்கு ஒரு வருமானம் தேட வேண்டும். குடும்பம் வறுமையில் இருந்தால், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற மாதம் 4,000 ரூபாய் உதவி தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. காப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை வீட்டுக்குக் கொடுத்தால், சில வீடுகளில் பிள்ளை ஓடவே மாட்டான் என்பது அதன் தத்துவம்.

தமிழ்நாட்டின் பழைய கதவுகள்

தஞ்சம் என்று வந்தவர்களுக்குக் கதவு திறப்பது நமக்குப் புதிதல்ல. 1930-ஐ ஒட்டிய காலம். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சில இளம் பெண்கள் சென்னையில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மற்ற விடுதிகளில் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. டாக்டர் அம்மாள் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம். 1949-ல் ஆதரவற்ற குழந்தைகளுக்காக மஞ்சுபாஷிணி அம்மையார் தியாகராய நகரில் பால மந்திரைத் தொடங்கினார். காமராஜர் அதற்குத் துணை நின்றார். இன்றும் அந்த ஸ்தாபனம் அவர் பேரைத் தாங்கி நிற்கிறது.

தெருப் பிள்ளைகளுக்கென்றே ஸலேசியப் பாதிரிமார் நடத்தும் அன்பு இல்லம் சென்னையில் பல்லாண்டுகளாக வேலை செய்கிறது. வடசென்னையில் தண்டையார்பேட்டையில் 1995-ல் என். பால் சுந்தர் சிங் தொடங்கிய கருணாலயா மற்றொன்று. தெருவில் பிறந்து தெருவிலேயே வளர்ந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட ஒரு பந்து எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள்! தெருக் குழந்தைகளுக்காக நடக்கும் உலகக் கால்பந்துப் போட்டிக்கு 2014-ல் கருணாலயாவின் சிறுவர்கள் பிரேசில் நாட்டு ரியோ நகரத்துக்குப் போனார்கள். 2018-ல் சிறுமியர் அணி மாஸ்கோவுக்குப் போயிற்று. 2019-ல் லண்டன் மாநகரில் தெருக் குழந்தைகளின் முதல் உலகக் கிரிக்கெட் போட்டி நடந்தது. இறுதி ஆட்டம் புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில். இங்கிலாந்தை வென்று கோப்பையைப் பெற்றது தென்னிந்திய அணி. அதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். சென்னைக் கருணாலயாவின் பிள்ளைகள் அந்த அணியில் இருந்தார்கள்.

கோப்பை பெரிதல்ல. அந்தப் பிரயாணங்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமே! தெருவில் பிறந்து, கதவு எண்கூட இல்லாத பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் என்றால், இந்த நாட்டுப் பிரஜை என்று சர்க்கார் முத்திரை போட்டுச் சொல்வது போல. அதுதான் பெரிது.

டெல்லிக்கு ஓடிய பையன்

ஒரு காப்பகம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு டெல்லியில் ஒரு சான்று இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் புருலியாவைச் சேர்ந்த விக்கி ராய் என்ற பையன் 1999-ல், பதினோராவது வயதில், மாமனின் பணம் 900 ரூபாயை எடுத்துக்கொண்டு ரெயிலேறினான். டெல்லி ஸ்டேஷனில் காலி பாட்டில்களைப் பொறுக்கித் தண்ணீர் நிரப்பி விற்றான். ஓட்டலில் பாத்திரம் கழுவினான். பின்பு ஸலாம் பாலக் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தின் விடுதிக்கு வந்து சேர்ந்தான். தெருப் பிள்ளைகளைப் பற்றி மீரா நாயர் எடுத்த 'ஸலாம் பாம்பே' படத்தைத் தொடர்ந்து, 1988-ல் தோன்றிய ஸ்தாபனம் அது.

பத்தாம் வகுப்பில் பையனுக்குக் குறைந்த மார்க்தான் வந்தது. தொழில் கற்றுக்கொள் என்றார்கள். விடுதிக்குப் படம் எடுக்க வந்த ஒரு பிரிட்டிஷ் போட்டோகிராபருக்கு ஒத்தாசையாக நின்றதில் காமிராமீது ஆசை பிறந்தது. பதினெட்டு வயதானதும் விடுதியை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அப்போது அந்த ஸ்தாபனம் வெறுமனே வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடவில்லை. காமிரா வாங்கக் கடன் கொடுத்தது. ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 2007-ல் தெருப் பிள்ளைகளைப் பற்றிய அவருடைய படங்களின் கண்காட்சி நடந்தது. மறு வருஷம் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தைத் திரும்பக் கட்டுவதைப் படம் எடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் நியூயார்க்குக்குப் போவதில்லை. போக வேண்டியதும் இல்லை. காலையில் டிபன் பெட்டியோடு ஒர்க் ஷாப்புக்குப் போய், மாலையில் தன் குழந்தைக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் அதுவே வெற்றிதான்.

பதினெட்டு வயதின் வாசற்படி

விக்கி ராயின் கதையில் உயிரான இடம் அந்தக் கடன்தான். மற்ற வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் காலேஜுக்கு அனுப்பலாமா, வேலைக்கு அனுப்பலாமா என்று வீடே கூடி யோசிக்கிறது. காப்பகத்துப் பிள்ளைக்கு அந்தப் பிறந்த நாள், மறுபடியும் வீடிழக்கும் நாள். நேற்று வரை குழந்தை, இன்று பெரியவன். சட்டம் இதை உணராமல் இல்லை. 21 வயது வரையில் பிற்காப்பு உதவி தரலாம் என்றும், அவசியமானால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாம் என்றும் அது சொல்கிறது. ஆனால் வாடகைக்கு அறை கேட்டால், "அப்பா என்ன பண்றாரு, தம்பி?" என்றுதான் வீட்டுக்காரர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

இடம் இல்லாத இளைஞர்களுக்கு நகரங்களில் இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன. 2010-ல் சுப்ரீம் கோர்ட், ஒரு லட்சம் ஜனங்களுக்கு ஒரு காப்பகமாவது பெரிய நகரங்களில் இருக்க வேண்டும், அது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சியின் ஆதரவில் ஆண்களுக்கும், பெண்களுக்கும், சிறுவர்களுக்கும் தனித்தனியே காப்பகங்கள் நடக்கின்றன. வேலை தேடி வந்த இளைஞனுக்கு அங்கே கிடைப்பது படுக்கை மட்டுமல்ல. வேலைக்கு மனுப் போட ஒரு விலாசம் கிடைக்கிறது. பிளாட்பாரத்தில் படுப்பவனை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்?

ஆனால் ரெயில் பெரிய நகரங்களில் மட்டும் நிற்பதில்லை. ஜங்ஷன் ஊர்களில் நிற்கிறது. சென்னைக்குப் போய்ச் சேர்ந்து அந்தப் பெருங்கூட்டத்தில் கரைந்து போவதற்கு முன், பையன் கடைசியாக இறங்கி ஏறும் இடம் அரக்கோணம் போன்ற ஊர்தான். மின்சார ரெயில் இங்கிருந்து சென்னை போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா, தம்பி?" என்று கேட்டுவிட்டால், எத்தனையோ வருஷத் துன்பம் மிச்சமாகும்.

அதற்குச் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருக்க வேண்டும் என்பதில்லை. பிளாட்பாரத்தில் சுண்டல் விற்பவர் கேட்கலாம். சீசன் டிக்கெட்டில் தினம் போய்வரும் குமாஸ்தா கேட்கலாம். திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகும் அம்மாள் கேட்கலாம். கேட்டுவிட்டு 1098-ஐக் கூப்பிட்டால் போதும்.

கோபித்துக்கொண்டு போன முருகனைத் தேடிப் போய்ச் சமாதானம் சொல்ல அன்று ஓர் ஒளவைப் பாட்டி இருந்தாள் என்று கதை சொல்கிறோம். ஜங்ஷனில் இறங்கும் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவன் கோபம் பெரிதல்ல. ஒரு ராத்திரிக் கோபம்தான். அது தணிகிற வரையில் தலைக்கு மேல் ஒரு கூரையும், கையில் ஒரு கவளம் சோறும் இருந்தால் போதும். பிறகு அவன் தானே நடந்துகொள்வான்.